கரண்டி அடிக்கு ஒரு சாட்சி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வேறு வேலையாகப் போன இடத்தில் தலையில் வந்து விழுந்தது.

எங்கள் பங்குத்தந்தை ஒருநாள் கூப்பிட்டனுப்பி, சிஸ்டரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தரச் சொன்னார். சிஸ்டர் என்று மொட்டையாகச் சொன்னால் இங்கே ஒருவரைத்தான் குறிக்கும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கிடங்கில், இல்லாதவர்களுக்கு வருடக்கணக்காக மதியச் சாப்பாடு போட்டவர். அவர் இறந்து கொஞ்ச காலம் ஆகிறது. அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாமா என்று விசாரணை தொடங்கியிருந்தது. விசாரணை என்றால் சாட்சிகள், சத்தியம், எழுத்தர், முத்திரை என்று எல்லாம் உண்டு. குற்றவாளிக்குக்கூட இவ்வளவு குடைச்சல் கிடையாது.

"அட்டையில சிஸ்டர் படம் போடுங்க. ஆனா தலைக்குப் பின்னாடி வட்டம் கிட்டம் போட்டுடாதீங்க" என்றார் பங்குத்தந்தை. "பட்டம் வர்றதுக்கு முன்னாடியே வட்டம் வந்துட்டா வம்பு."

எழுதினேன். என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள். அவள் மேல் குற்றமில்லை. முதல் பக்கத்தில் சிஸ்டர் நல்லவராக இருந்தார். இரண்டாம் பக்கத்தில் அதைவிட நல்லவராக இருந்தார். மூன்றாம் பக்கத்தில் அவருக்குப் போக இடமில்லை. நல்லவர்களைப் பற்றி எழுதுகிறவனுக்கு இதுதான் தொல்லை. அவர்கள் நடுவில் ஒரு நாளாவது லீவு போட்டால்தானே கதை நகரும்.

ஊருக்கே தெரிந்த ஒரு கரண்டி அடியைத் தவிர, சிஸ்டரிடம் வேறு ஒரு சின்னக் குறையாவது கிடைக்காதா என்றுதான் அந்தக் கிடங்குச் சமையலறைக்குப் போனேன். அங்கே சமையலக்காவிடம் கேட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"குறையா? சிஸ்டருக்கா?" என்றாள். கத்தி நின்றது. "ஒண்ணு இருக்கு. ஆனா அது என்னோடது."

2

இனி கதையைத் தொடங்க வேண்டும். நான் எழுதிப் பார்த்தவற்றைக் கிழித்துப் போடாமல் இங்கேயே வைக்கிறேன். என் கஷ்டம் உங்களுக்கும் தெரியட்டும்.

"பிஞ்சு வயதிலேயே தன் ரொட்டியைப் பறவைகளுக்குப் பகிர்ந்தளித்த அந்தத் தூய உள்ளம், பின்னாளில்—"

(வேண்டாம். புண்ணியவான்கள் எல்லோரும் சின்ன வயதில் பறவைகளுக்குத்தான் போடுகிறார்கள். பூனைக்குப் போட்டவர்கள் எங்கே போனார்களோ.)

"கரண்டி உயர்ந்தது. கூட்டம் உறைந்தது. அவன் நெற்றியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு—"

(இது ரயிலில் விற்கிற துப்பறியும் கதை. உறைந்ததாவது. கூட்டம் அடுத்த நிமிஷமே "சாப்பாடு போடுவீங்களா மாட்டீங்களா" என்று கேட்டதாம்.)

"அன்றைக்குக் காலையிலிருந்தே சமையலக்காவுக்கு மனசு சரியில்லை."

இது பரவாயில்லை. பிடித்துக்கொண்டு போகலாம்.

3

அன்றைக்குக் காலையிலிருந்தே சமையலக்காவுக்கு மனசு சரியில்லை. அவள் கணவன் தையல்காரர். ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு கிடந்தார். காலால் மிதிக்கிற தையல் மெஷின் மூலையில் சும்மா நின்றது. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயது. வீட்டில் அடுப்பு எரிவது அவள் ஒருத்தியின் சம்பளத்தில்தான்.

சமையலறையில் இரண்டு பெரிய அண்டாக்கள். ஒன்றில் காய்கறி சூப், ஒன்றில் வெந்நீர். மேசையில் ரொட்டி அடுக்கியிருக்கும். தெருப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல். அதன் மரக்கதவை மேலே தூக்கிக் கட்டினால், தட்டு நுழைகிற அளவுக்கு வாய் திறக்கும். சாப்பிட வருகிறவர்கள் வெளியே சுவரோரம் வரிசையில் நிற்பார்கள். ஜன்னல் தாழ்வானது. அவர்களுக்கு உள்ளே ஒரு கையும் ஒரு கரண்டியும்தான் தெரியும், முகம் தெரியாது.*

உள்ளே சுவரில் சிஸ்டர் தன் கையாலேயே பெயின்டில் எழுதி வைத்த சட்டம் ஒன்று இருந்தது: "இங்கே வருகிறவர் மேல் கை வைக்கிறவர் அன்றைக்கே வெளியே." தொண்டு செய்கிற இடங்களில் தொண்டு வாங்குகிறவர்களை விரட்டுவதைச் சிஸ்டர் நிறையப் பார்த்திருந்தார். அதனால் இதில் அவர் கறார். அதற்கு முந்தின வருடம் ஒருவரைப் பிடித்துத் தள்ளிய காவல்காரரை அன்று மாலையே அனுப்பிவிட்டார்.

இந்த இடத்தில் அவசரம் வருகிறான். அவன் பெயர் யாருக்கும் நினைவில்லை. வேலை கிடையாது, வீடு கிடையாது, போக வேண்டிய இடம் ஒன்றும் கிடையாது. ஆனால் வரிசையில் மட்டும் நிற்கவே மாட்டான். "அவசரம், அவசரம்" என்று சொல்லிக்கொண்டே எல்லோரையும் முந்திக்கொண்டு வந்து தட்டை நீட்டுவான். அப்படி வந்த பெயர்.

அன்றைக்கு அவன் முந்திய இடத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். இவன் இடித்த இடியில் அவள் தட்டு கீழே விழுந்து, வாங்கிய சூப் முழுக்கக் குழந்தையின் காலருகே கொட்டியது. குழந்தை மேல் படவில்லை. ஆனாலும் அது வீறிட்டது. அவசரம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையை ஜன்னலுக்குள் விட்டு, "அக்கா, ரொட்டி ரெண்டா குடு" என்றான்.

சமையலக்காவின் கையில் கரண்டி இருந்தது. அவ்வளவுதான்.

* இந்த ஜன்னலைக் கதைக்கு வசதியாக நான் கட்டவில்லை. எனக்கு முன்பே யாரோ கொத்தனார் கட்டிவிட்டார். அவருக்கு என் நன்றி.

4

சத்தம் கேட்டுச் சிஸ்டர் சாமான் அறையிலிருந்து ஓடி வந்தார். நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்த அவசரத்தைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். சமையலக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார்.

"நான்தான் அடிச்சேன்" என்றார், வரிசை முழுக்கக் கேட்கும்படி. "தப்பு என்னோடது. எல்லாரும் மன்னிக்கணும்."

அவசரத்தின் தலைக்குத் தன் கையாலேயே கட்டுப் போட்டார். பிறகு உள்ளே வந்து சுவரில் எழுதியிருந்ததை ஒரு முறை படித்தார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டப்படி அன்றைக்கே வெளியே போய்விட்டார். மறுநாள் மதியம் தட்டோடு வரிசையின் கடைசியில் நின்றார்.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு கிண்டல்கூட வரவில்லை. கிண்டலாக எழுத உட்கார்ந்தவனுக்கு இது நல்ல சகுனம் இல்லை.)

"சிஸ்டர், உள்ள வாங்க. நான் உண்மையச் சொல்லிடறேன்" என்று ஜன்னல் வழியாகச் சமையலக்கா கெஞ்சினாள்.

"நீ சொன்னா உன்னை அனுப்பணும். உன்னை அனுப்பிட்டா யாரு சமைப்பா?"

"நீங்க சமைங்க."

"நான் சமைச்சா இவங்கல்லாம் வேற எடம் பாத்துப் போயிருவாங்க. பசியா இருந்தாலும் நாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? சூப்பை ஊத்து."

ஒரு மாதத்துக்கு மேல் அப்படி நின்றார். நின்றபோதுதான் அவருக்குச் சில சங்கதிகள் தெரிந்தன. வெயில் நேராகத் தலையில் இறங்குகிறது. ஊன்றுகோல்காரருக்கு உட்கார ஓரிடம் இல்லை. ஜன்னலுக்கு வந்து சேரும்போது சூப் ஆறிப்போயிருக்கிறது. உப்பும் குறைவு.

"உப்பு பத்தலை" என்றார் ஒருநாள், தட்டை நீட்டியபடி.

"நீங்க சொன்ன அளவுதான் சிஸ்டர்."

"அப்படியா? அப்ப நான் தப்பா சொல்லிருக்கேன்."

கடைசியில் ஆயரே ஆளனுப்பி, போதும் உள்ளே போங்கள் என்று சொன்ன பிறகுதான் சிஸ்டர் மறுபடி ஏப்ரனைக் கட்டினார். அடுத்த வாரமே வரிசைக்கு மேல் கூரை வந்தது. சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு வந்தது. உப்பும் வந்தது.

என் புத்தகத்தில் உருப்படியான அத்தியாயம் இது ஒன்றுதான். "தாழ்ச்சி" என்று தலைப்பு; பணிவுக்கு எங்கள் கோயில் பாஷை. ஏழையை அடித்துவிட்டு, அதற்குத் தானே தண்டனை போட்டுக்கொண்டு, ஏழைகளோடு வரிசையில் நின்ற சிஸ்டர். பங்குத்தந்தை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது என்ன ஆயிற்று என்றால், அந்த அத்தியாயம் முழுக்க ஒரு பச்சைப் பொய்யின் மேல் உட்கார்ந்திருக்கிறது.*

* இந்தப் பொய்யைச் சிஸ்டர் பாவசங்கீர்த்தனத்தில் நிச்சயம் சொல்லியிருப்பார். கேட்ட குருவானவர் திரைக்கு அந்தப் பக்கம் எந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாரோ. அதை ஒரு தனிக் கதையாக எழுதலாம். எழுத மாட்டேன்.

5

அவசரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு பாத்திரம் இவ்வளவு வசதியாக அமையக்கூடாது.

அடி வாங்கிய பிறகு அவன் ஆளே மாறிவிட்டான். நெற்றியில் பிறை மாதிரி ஒரு தழும்பு. அதை எல்லோரிடமும் காட்டுவான். "சிஸ்டர் கை பட்ட எடம்" என்பான். பல வருடமாக அவன் காதுக்குள் ஒரு வண்டு ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்ததாம். கரண்டி விழுந்ததும் வண்டு போய்விட்டதாம். சிஸ்டர் இறந்த பிறகு தழும்புக்கு மவுசு கூடியது. வரிசையில் நிற்பவர்கள் அவர்களாகவே ஒதுங்கி அவனுக்கு வழி விட்டார்கள். முன்பு முண்டியடித்துப் பிடித்த முதல் இடத்தை இப்போது மரியாதையோடு கொடுத்தார்கள். மனுஷன் கொடுத்து வைத்தவன்.

விசாரணைக்கு வந்த குருவானவர், சிஸ்டர் உயிரோடு இருக்கும்போது நடந்ததெல்லாம் அற்புதக் கணக்கில் சேராது, இறந்த பிறகு வேண்டிக்கொண்டு நடந்தால்தான் சேரும் என்று சொன்னபோது அவசரத்துக்கு மனசே விட்டுப்போயிற்று.

"உசுரோட இருக்கும்போது செய்யறதுதான சார் கஷ்டம்?" என்று என்னிடம் கேட்டான். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

இவனை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். அடி வாங்குகிறவர் ஒரு சாதுவான கிழவர் என்று மாற்றினேன். ஒன்றும் ஓடவில்லை. கிழவர் தன் பாட்டுக்கு வரிசையில் நின்றார், முறை வந்ததும் சூப்பை வாங்கிக்கொண்டு போனார், கதையும் அவரோடு போய்விட்டது. சரி என்று அவசரத்தையே திரும்பக் கூப்பிட்டேன். கூப்பிடுவதற்கு முன்பே வந்து முதல் வரியில் நின்றான்.

6

சமையலக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் கணவர் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். கால் எப்போதோ சரியாகி, மெஷின் பழையபடி ஓடுகிறது. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு வேலையில் இருக்கிறார்கள். அவள் எதிரே உட்கார்ந்து, இத்தனை வருடம் அவரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"அப்ப சிஸ்டர் அடிக்கலையா?"

"நான்தாங்க அடிச்சேன்."

"நான் போற எடமெல்லாம் சொல்லிட்டிருக்கேனே, அந்தம்மா என்ன அடி அடிச்சாங்கன்னு."

"அதான் தெரியுமே."

ஒடிந்து சரியான காலை ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு, "நான் கால் ஒடிஞ்சு கெடந்ததுக்கா அவங்க வெயில்ல நின்னாங்க?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அவர் சட்டையை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள்.

"இப்ப என்னங்க பண்றது?" என்றாள். "நற்செய்திப் புத்தகம் மேல கைய வெச்சு சத்தியம் வாங்குவாங்களாம். சிஸ்டர்தான் அடிச்சாங்கன்னு சொன்னா நான் பொய்ச் சத்தியம் பண்ணணும், அவங்களும் ஏழைய அடிச்சவங்களாவே நிப்பாங்க. அடிக்கலைன்னு சொன்னா, சிஸ்டர் ஊர் முன்னாடி பொய் சொன்னாங்கன்னு ஆயிடும். எப்படிச் சொன்னாலும் அவங்களுக்குப் பட்டம் கெடைக்காம போயிருமோன்னு இருக்கு."

"ஒண்ணும் சொல்லாம வந்துடு."

"கேப்பாங்களே."

"காது கேக்கலைன்னு சொல்லு."

"காது கேக்காதவளை எதுக்கு சாட்சிக்குக் கூப்பிடறாங்க? போய் வேலையப் பாருங்க."

சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

7

விசாரணை பங்கு அலுவலகத்தின் பின்னறையில் நடந்தது. வெளியே நடையில் ஒரு பெஞ்சு. புத்தகத்தின் மெய்ப்புப் பார்த்த தாள்களைக் கொடுக்கப் போன நானும் அதில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சமையலக்கா நடுவில். அந்தப் பக்கம் அவசரம். அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். தலையை எண்ணெய் போட்டுப் படிய வாரி, தழும்பு நன்றாகத் தெரியும்படி வந்திருந்தான்.

"அக்கா" என்றான் மெதுவாக. "அன்னிக்கு நான் தலைய ஜன்னலுக்குள்ள விட்டிருந்தேன்ல?"

"ஆமா."

"தலைய உள்ள விட்டா முகம் தெரியும்ல?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். எனக்கும் உறைத்தது. இவ்வளவு எழுதிய எனக்கு அது தோன்றவே இல்லை. நீங்கள் முன்பே கண்டுபிடித்திருந்தால், கெட்டிக்காரர்.

"தெரிஞ்சுகிட்டேவா இத்தனை வருஷம்..." என்றாள்.

"சிஸ்டரே வந்து நான்தான் அடிச்சேன்னு சொல்றாங்க. நான் போய் இல்லைன்னு சொல்றதா? கட்டுப் போடும்போது காதுல சொன்னாங்க. 'அந்தப் பொண்ணு வீட்டுல கஷ்டம், நீ கொஞ்சம் பெரிய மனசு பண்ணு'ன்னாங்க. என்னைப் போய் யாரு சார் பெரிய மனசு பண்ணுன்னு கேட்டிருக்கா?" கடைசிக் கேள்வி எனக்கு.

"அந்த வண்டு?" என்றேன்.

"வண்டு போனது நெசம். அது யாரு அடிச்சாலும் போயிருக்கும்."

சமையலக்கா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கொழந்தைய இடிச்சுட்டு வந்தியே, அதான்டா எனக்கு ஆத்திரம்" என்றாள்.

"தெரியும்க்கா. அன்னிக்கு அடிச்சது சரிதான்."

கதவு திறந்தது. எழுத்தர் தலையை நீட்டி, "சமையல்காரம்மா வாங்க" என்றார். அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அதற்குள் அவசரம் அவளைத் தாண்டிக் கதவருகே போய்விட்டான்.

"நான் முதல்ல போயிட்டு வந்துடறேன் சார். கொஞ்சம் அவசரம்" என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டான்.

8

இனி முடிவுகள்.

முடிவு ஒன்று: அவசரம் உள்ளே உண்மையைச் சொல்லிவிட்டான். தழும்பின் பெருமை போனாலும் போகட்டும் என்று, சமையலக்காவின் பாரத்தை அவனே இறக்கி வைத்துவிட்டான். அவள் உள்ளே போய் "ஆமாம்" என்றாள். விசாரணைக் குருவானவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு சமையல்காரியின் சோற்றுக்காக ஒரு கன்னியாஸ்திரீ சொன்ன பொய்யை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று யோசித்து—

(எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: அவசரம் உள்ளே போயும் "சிஸ்டர்தான் அடிச்சாங்க" என்று சாதித்தான். செத்துப் போனவருக்குக் கொடுத்த வாக்கை எந்தச் சத்தியத்துக்காகவும் விடமாட்டேன் என்று. பிறகு உள்ளே போன சமையலக்கா உண்மையைச் சொல்ல, இரண்டு சாட்சிகளும் முட்டிக்கொண்டு—

(வழக்குப் பக்கம் போகிறது. விசாரணை இன்னும் எத்தனை வருடம் இழுக்குமோ.)

முடிவு மூன்று: குருவானவர் அந்த அடியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. சூப்பில் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டார்.

(நடக்கக்கூடியது.)

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. இருவரும் வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். சமையலக்கா கையை விரித்தாள்.

"உள்ள சொன்னத வெளிய சொல்லமாட்டேன்னும் ஒரு சத்தியம் வாங்கிட்டாங்க."

"எனக்கு மட்டும் சொல்லுங்க."

"நீங்க எழுதறவரு. உங்களுக்கு மட்டும் சொல்றதும் மைக் வெச்சுச் சொல்றதும் ஒண்ணுதான்."

"அப்ப முன்னாடி சொன்னதை நான் எழுதலாமா?"

"அது சத்தியத்துக்கு முன்னாடி சொன்னது. கதைன்னு போட்டு எழுதுங்க. கதைன்னா யாரும் நம்பமாட்டாங்க."

அவள் முகத்தில் பாரம் இல்லை. அதை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவசரம் முகத்திலும் பாரம் இல்லை. அதை வைத்து அந்த முடிவை மாற்றினேன். அவன் முகத்தில் என்றைக்குப் பாரம் இருந்தது?

புத்தகத்தில் "தாழ்ச்சி" அத்தியாயத்தைத் திருத்தினேன். "சிஸ்டர் ஒருநாள் சமையலறையை விட்டு வெளியே வந்து, தட்டோடு வரிசையின் கடைசியில் நின்றார்." ஏன் என்று எழுதவில்லை. யார் எந்த அறையில் என்ன சொல்லியிருந்தாலும் இந்த வரி நிற்கும்.

9

அன்று மதியம் நானும் அவர்கள் பின்னாலேயே கிடங்குக்குப் போனேன். சமையலக்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மரக்கதவைத் தூக்கினாள். முதல் தட்டு நீண்டது. ஊற்றப் போனவள் கையை நிறுத்தினாள். அது வேறு யாருடைய தட்டோ.

இரண்டாவதும் அவனுடையது இல்லை.

அவள் குனிந்து, ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினாள். அத்தனை வருடத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் தங்களுக்குச் சோறு போடுகிற முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"அவசரம் எங்க?" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். வரிசையின் கடைசியில், சிஸ்டர் போட்ட கூரை முடிந்து வெயில் தொடங்குகிற இடத்தில், அவன் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அங்க என்ன பண்ற? முன்னாடி வா."

"இங்கயே நிக்கறேன்க்கா."

"சூப் ஆறிடும், வாடா."

"வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லக்கா" என்றான் அவன்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு சுவரோரமாகக் கடைசிவரைக்கும் போயிற்று. அவள் சிரிக்கவில்லை. அதே கரண்டியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "இப்ப வர்றியா, இல்ல நான் வரட்டுமா" என்றாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். மேற்கொண்டு என்னால் முடியாது. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். அதற்காகவே உங்களை இந்த வரிசையில் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். கையில் காலித் தட்டு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. முன்னால் ஒருத்தி கரண்டியோடு கூப்பிடுகிறாள், பின்னால் ஒருவன் வரமாட்டேன் என்கிறான். யார் அடித்தார்கள், யார் பொய் சொன்னார்கள் என்று அந்த வரிசையில் அவனைத் தவிர உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். நடை குறுகல். நீங்கள் கொஞ்சம் ஒதுங்கினால்தான் அவன் வர முடியும்.

சீக்கிரம் யோசியுங்கள். சூப் ஆறுகிறது.